ஒரே கையெழுத்தில் இரண்டு சான்று: மனித உரிமையும் சமூக நீதியும் ஒன்றுதானா?

10 டிசம்பர் 2024 – கேள்வி

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரு பயிற்சி மையத்துக் குறிப்பில் "சமூக நீதி என்பது மனித உரிமையின் ஒரு பிரிவு" என்று இருக்கிறது. இன்னொன்றில் அப்படியே தலைகீழ். எனக்கென்னவோ இரண்டும் ஒன்றுதான் என்று படுகிறது. ஐ.நா. அறிக்கையில் எழுதினால் மனித உரிமை, நம் ஊர் மேடையில் பேசினால் சமூக நீதி. இதில் என்ன தப்பு?

10 டிசம்பர், இரவு

மேடை விஷயம் பாதி சரி. ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

1993 மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். உயிர், சுதந்திரம், சமத்துவம், கண்ணியம் ஆகியவை தொடர்பாகத் தனிமனிதருக்கு உள்ள உரிமைகள், அவற்றை நீதிமன்றம் வழியாக நிலைநாட்ட முடிய வேண்டும். விளக்கம் அவ்வளவுதான். அதாவது புகார் கொடுக்க ஒரு ஆள் வேண்டும், பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும், நடந்த தேதி வேண்டும்.

சமூக நீதி அரசியலமைப்பில் முகவுரையிலேயே வருகிறது. அப்புறம் 38, 46 ஆகிய கூறுகளில் வருகிறது. அங்கே தனி ஆளின் முகம் தெரியாது. நலிந்த பிரிவினர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்று கூட்டமாகத்தான் தெரியும்.

என் கணக்கு இது: யார், யாருக்கு, என்றைக்குச் செய்தார் என்று கேட்டால் உரிமைக் கேள்வி. ஏன் எப்போது பார்த்தாலும் அதே ஆட்களே மாட்டுகிறார்கள் என்று கேட்டால் நீதிக் கேள்வி. முதலாவதை ஒரே ஒரு மனுவை வைத்துக்கொண்டு கேட்கலாம். இரண்டாவதைக் கேட்க எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

பத்து மதிப்பெண்ணுக்கு இது போதும். வாழ்க்கைக்குப் போதாது என்பதால் மேலும் எழுதுகிறேன்.

11 டிசம்பர்

"ஒன்றுதான்" என்பவர்கள் செண்பகம் துரைராஜன் வழக்கை ஒருமுறை முழுசாகப் படிக்க வேண்டும். தேர்வுக்காரர்கள் அதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை நடப்பில் இருந்தது. வேர் 1921, நீதிக்கட்சி ஆட்சிக்காலம். வழக்கு வந்தபோது 14 இடங்களுக்கு ஒரு சுற்று: பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிஜனருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. மாகாணம் முழுக்க மருத்துவக் கல்லூரிகள் நான்கு. இடங்கள் 330.

1950 ஜூனில் செண்பகம் துரைராஜன் என்ற அந்த அம்மாள் மருத்துவக் கல்லூரி இடம் தொடர்பாக உயர் நீதிமன்றம் போனார். தான் பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். கல்லூரிக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டதாக அவருடைய பிரமாண வாக்குமூலத்தில் இல்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறது. கூடவே பொறியியல் கல்லூரி இடம் கேட்டு இன்னொரு மனுதாரர்.

1951 ஏப்ரல் 9 அன்று தீர்ப்பு. கூறு 29(2)படி, அரசு நடத்தும் கல்லூரியில் சாதி, மதத்தை மட்டும் காரணம் காட்டி ஒரு குடிமகனுக்கு இடம் மறுக்கக் கூடாது. அரசு கூறு 46ஐக் காட்டிப் பார்த்தது. அது வழிகாட்டு நெறி, அடிப்படை உரிமைக்குக் கீழ்ப்பட்டுத்தான் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

தனி ஆளின் உரிமை என்ற கண்ணாடியில் பார்த்தால் தீர்ப்பில் ஓட்டையே இல்லை. ஒரு ஆள், ஒரு இடம், சாதியால் மறுப்பு. ஆனால் அந்த 330 இடங்களில் அதுவரை யார் உட்கார்ந்தார்கள் என்ற கேள்வி அந்தக் கண்ணாடியில் தெரியவே தெரியாது. அந்தக் கேள்வியைத் தெருவில்தான் கேட்டார்கள். பெரியார் கிளர்ச்சி நடத்தினார், மாகாணம் கொதித்தது. 1951 ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம், அதில் 15(4): பின்தங்கிய வகுப்பினருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்ற கூறு.

13 டிசம்பர்

"அப்படியானால் உரிமையும் நீதியும் எதிரிகளா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இல்லை. ஆனால் ஒரே வீட்டில் குடியிருக்கும் மாமியார் மருமகள் என்று வைத்துக்கொள்ளலாம். சண்டை வரும், வெளியாள் வந்தால் ஒன்றாகிவிடுவார்கள்.

ஒன்று மட்டும் மேலே விட்டுப்போனது. அதே முதல் திருத்தம்தான் பேச்சுரிமைக்குப் புதுக் கட்டுப்பாடுகளையும் போட்டது. ஒன்பதாவது அட்டவணையும் அதில்தான் பிறந்தது, நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் நீதிமன்றத்தில் அடிபடாமல் இருக்க. நாற்பத்து மூன்று ஆண்டு கழித்து, 1994இல், நம்முடைய 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுச் சட்டம் போய் அடைக்கலம் புகுந்ததும் அந்த அட்டவணைக்குள்தான். முதல் திருத்தத்தைக் கொண்டாடுகிறவர்கள் பேச்சுரிமைப் பகுதியைப் பேசுவதில்லை. திட்டுகிறவர்கள் 15(4)ஐப் பேசுவதில்லை.

17 டிசம்பர்

சட்டம் போதும். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்தவன் நான். வடமாவட்டம் ஒன்றில் ஒரு கோட்டாட்சியர் அலுவலகம், பெயர் வேண்டாம். தமிழ்நாட்டில் மற்ற சாதிச் சான்றுகளெல்லாம் தாலுகா அலுவலகத்தோடு முடியும். பழங்குடிச் சான்று மட்டும் 1989 முதல் ஆர்.டி.ஓ., அதாவது கோட்டாட்சியர், கையெழுத்து. அதனால் பாம்பு, எலி பிடிப்பதற்குப் பெயர்போன இருளர் பழங்குடியினரின் மனுக்கள் எங்களிடம் வரும்.

பிளஸ் டூ முடித்த ஒரு பையன். அப்பாவுக்குச் சான்று இல்லை, பள்ளிக்கூடம் போனதில்லை, எனவே டி.சி.யும் இல்லை. வி.ஏ.ஓ. "தெரிவிக்கலாம்" என்று எழுதியிருந்தார். ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) "உறுதி செய்ய இயலவில்லை" என்று எழுதியிருந்தார். நேரடி விசாரணைக்கு வந்தான். நல்ல சட்டை, பேண்ட், சட்டைப் பையில் பேனா. அப்பா கைலியில் வராந்தாவிலேயே நின்றுவிட்டார்.

அதிகாரி கேட்ட முதல் கேள்வி: "பாம்பு பிடிக்கத் தெரியுமா?"

தெரியாது என்றான்.

"எலி?"

சின்ன வயசில் அப்பாவோடு வரப்புக்குப் போனதுண்டு என்றான்.

"அப்புறம் எப்படி நீ இருளர்?"

பையன் எட்டு வருஷம் படித்தது அரசு பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளியில். பாம்பு பிடிக்க அங்கே பாடவேளை கிடையாது. கையில் அந்தப் பள்ளியின் சான்றிதழ்தான் இருந்தது. அரசின் ஒரு கை படிக்க வைத்தது, இன்னொரு கை படித்ததையே குற்றமாகக் காட்டியது.

கடைசியில் பாட்டியைக் கூட்டி வந்தார்கள். தெய்வம் கன்னியம்மா, மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவது, அங்கேயே மணலில் பெண் பார்ப்பது, கல்யாணம் பேசுவது என்று கிழவி கடகடவென்று சொல்லிக்கொண்டு போனார். அதிகாரிக்குத் திருப்தி. சான்று வந்தது. அதற்குள் கலந்தாய்வு முடிந்துவிட்டது. அடுத்த வருஷம்தான் சேர்ந்தான்.

இப்போது சொல்லுங்கள், இது எந்தத் தலைப்பு? பையன் மனித உரிமை ஆணையத்துக்குப் போயிருந்தால் என்ன எழுதுவான்? "அதிகாரி கேள்வி கேட்டார்." அடிக்கவில்லை, வையவில்லை, லாக்கப்பில் வைக்கவில்லை. தனி மனுவாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த நாற்காலிக்கு முன்னால் எத்தனை பையன்களிடம் அதே பாம்பைப் பற்றிக் கேட்டிருப்பார்கள்? எண்ண ஆரம்பித்தால்தான் விஷயத்தின் அளவு தெரியும்.

18 டிசம்பர்

"எங்கள் ஊர் அய்யரிடம் மந்திரம் சொல்லச் சொல்லிச் சான்று கொடுப்பார்களா?" என்று கேட்ட நண்பருக்கு: கேள்வி அருமை. பதில் உங்களுக்கே தெரியும்.

22 டிசம்பர்

அதிகாரி பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை.

பொய்ச் சான்று நிஜமான பிரச்சினை. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கு, மகாராஷ்டிரம். மகாதேவ் கோலி பழங்குடி என்று சொல்லி மருத்துவப் படிப்புக்குப் போன அக்கா தங்கையின் சான்று செல்லாது என்று ஆனது. உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில்தான் கூர்ந்தாய்வுக் குழு, விழிப்புப் பிரிவு என்று முறை வகுத்தது. குலவழக்கம், சடங்கு, தெய்வம் எல்லாம் விசாரிக்கலாம் என்றது. ஒரு பொய்ச் சான்று போனால் ஒரு உண்மையான பழங்குடிப் பிள்ளையின் இடம் போகிறது. எங்கள் அதிகாரிக்கு அந்தப் பயம் இருந்தது. கையெழுத்து அவருடையது, பின்னால் ஏதாவது வந்தால் குற்றக் குறிப்பாணையும் அவருக்குத்தான்.

ஆனால் 2023 மார்ச்சில் மகாராஷ்டிரத்து தாக்கூர் பழங்குடிகள் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது: குலவழக்கச் சோதனை ஒன்றையே உரைகல்லாக வைத்து முடிவு செய்யக் கூடாது. ஊர் மாறி, படித்து, வேலைக்குப் போன குடும்பத்தில் பழைய பழக்கம் தேயும், அது இயல்பு. 2011 தீர்ப்பு ஒன்றிலும் இதே கருத்து இருக்கிறது.

ஆக, கடுமை தேவைதான். ஆனால் அந்தக் கடுமை யாரிடம் போய் முடிகிறது? பொய்ச் சான்று வாங்குகிறவன் ஆவணங்களைத் தயார் செய்துகொண்டுதான் வருவான், பாம்புக் கேள்விக்குக்கூடப் பதில் படித்துக்கொண்டு வருவான். தாத்தா காலத்துக் காகிதம் இல்லாதவன்தான் திணறுவான்.

இங்கே தடம் மாறுகிறேன் என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பாம்பு பிடிப்பதைக் கேவலமாக நினைப்பவர்கள் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலிக்குப் போய்ப் பாருங்கள். இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இருக்கிறது. நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் பெருமளவு நஞ்சு அங்கிருந்து போகிறது. 2023இல் இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அது ஒரு தொழில்திறமை. அதைச் சாதிக்கு அத்தாட்சியாகக் கேட்பதுதான் வம்பு.

29 டிசம்பர்

தலைப்பில் "இரண்டு சான்று" என்றேனே, இரண்டாவது எங்கே என்று கேட்கிறார்கள்.

அதே ஆர்.டி.ஓ. இன்னொரு காகிதத்திலும் கையெழுத்துப் போடுவார். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976. செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் இடம் என்று எங்காவது மீட்பு நடந்தால், விசாரித்து விடுதலைச் சான்று கொடுப்பவர் அவர்தான். இந்த நபர் இன்ன தேதியோடு கொத்தடிமைக் கடனிலிருந்து விடுவிக்கப்பட்டார், கடன் ரத்து என்று இருக்கும்.

ஒரு மரம் வெட்டும் இடத்திலிருந்து மீட்ட குடும்பங்களை வேனில் அழைத்து வந்தார்கள். எல்லாரும் இருளர். முதலாளி வைத்திருந்த கணக்கு நோட்டை நான்தான் மகஜரோடு சேர்த்துக் கட்டினேன். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு, அட்டையில் பெருக்கல் வாய்ப்பாடு. ஒரு பக்கத்துக்கு ஒரு குடும்பம். மேலே முன்பணம், கீழே வாராவாரம் கொடுத்த படிக்காசு, மருத்துவச் செலவு, பொங்கல் துணி. கூலி வரவு என்று ஒரு பத்தியே இல்லை. வருஷக் கடைசியில் கடன் தொடக்கத்தைவிட ஏறியிருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஊதா மையில் கைநாட்டு.

இது சுத்தமான மனித உரிமை வழக்கு. கட்டாய உழைப்பைத் தடை செய்யும் கூறு 23 இருக்கிறது. 1982 ஆசியாட் (ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத்) தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று சொல்லிவிட்டது. ஆள் உண்டு, தேதி உண்டு, எதிரி உண்டு. அன்றைக்குச் சாயங்காலமே விடுதலைச் சான்று தயார்.

அப்புறம்? வீட்டுமனை இல்லை, ரேஷன் அட்டை பாதிப் பேருக்கு இல்லை, சாதிச் சான்று ஒருவருக்கும் இல்லை. பழங்குடிக்கான திட்டம் எதற்குப் போனாலும் முதலில் அதைக் கேட்பார்கள். அதற்கு மனுப் போட்டால் விசாரணை, மறுபடியும் "தாத்தாவுக்குச் சான்று இருக்கா?" ஒரு அலுவலகம், ஒரே அதிகாரி. இவர் கொத்தடிமையாகக் கிடந்த இருளர் என்று மீட்பு விசாரணைக் கோப்பில் எழுதியவரே, சாதிச் சான்றுக் கோப்பில் இவர் இருளரா என்று ஐயம் எழுப்புவார். இரண்டு கோப்பும் இரண்டு இருக்கையில். ஒன்று இன்னொன்றைப் பார்க்காது.

மறுவாழ்வுப் பணமும் அப்படித்தான். 2016 திட்டப்படி வயதுவந்த ஆணுக்கு 1 லட்சம் ரூபாய், பெண்களுக்கும் சிறாருக்கும் 2 லட்சம், கொடுமையின் தன்மையைப் பொறுத்து 3 லட்சம் வரை. உடனடி உதவி தனியாகச் சிறு தொகை. ஆனால் முழுத்தொகை குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு பிணைக்கப்பட்டது. வழக்கு எப்போது முடியும், சாட்சி நிற்பாரா, யாருக்குத் தெரியும்? அதுவரை என்ன சாப்பிடுவது? மழைக்காலம் முடிந்ததும் அந்தக் குடும்பங்களில் சில வேறு முதலாளியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

30 டிசம்பர்

மேலே உள்ளதைப் படித்துவிட்டு "அவர்கள் ஏன் திரும்பப் போக வேண்டும், சோம்பேறித்தனம்தானே" என்று எழுதியவருக்கு: ஒரு நாள் மரம் வெட்டிவிட்டு வாருங்கள், பேசலாம்.

4 ஜனவரி 2025

வாச்சாத்தி பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது.

தருமபுரி மாவட்டம், சித்தேரி மலை அடிவாரம், மலையாளி என்னும் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் அல்ல) வாழும் ஊர். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து போயின. ஆமாம், எங்கள் துறையும்தான். வீடுகளை இடித்தார்கள், கிணற்றில் எண்ணெய் ஊற்றினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள், ஊரையே சிறையில் தள்ளினார்கள். புகாரை வாங்கக்கூட ஆளில்லை. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் நின்று, 1995இல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துவிட்டார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

கேள்வி கேட்ட தம்பி கவனிக்க வேண்டியது அந்த 2023 தீர்ப்பின் கடைசிப் பகுதி. தண்டனையை உறுதி செய்ததோடு விடவில்லை. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம், வேலை அல்லது சுயதொழில் வாய்ப்பு, ஊரின் வாழ்வாதாரத்தை மேம்படுத்த நடவடிக்கை என்று உத்தரவிட்டது. உரிமை வழக்காகத் தொடங்கியது நீதியில் போய் முடிந்தது. சிறைத் தண்டனையோடு நிறுத்தினால் அந்த ஊருக்கு ஒன்றும் மிஞ்சாது என்று நீதிமன்றத்துக்கே தோன்றியிருக்கிறது.

இன்னொன்று. ஊரே சேர்ந்து நின்றதால் 31 வருஷம் தாக்குப்பிடித்தார்கள். அதில் ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் அது நடந்திருந்தால், அவர் தனியாகக் காவல் நிலையத்துக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். உரிமை தனி ஆளுக்குத்தான். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூட்டம் வேண்டியிருக்கிறது.

12 ஜனவரி

இது எனக்கே தாமதமாக உறைத்த விஷயம். மலையாளி இனம் தமிழ்நாட்டில் எல்லா இடத்திலும் பழங்குடி இல்லை. பட்டியலில் மாவட்டம் குறித்திருக்கிறது: தருமபுரி, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை. பழைய கோயம்புத்தூர் மாவட்டம் அதில் இல்லை. அதிலிருந்து 1979இல் பிரிந்த ஈரோடும் இல்லை. ஈரோட்டின் பர்கூர் மலையில் இருப்பவர்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே மக்கள், அதே வாழ்க்கை, நடுவில் ஒரு மாவட்ட எல்லைக்கல்.

வாச்சாத்தியோடு சேர்த்து யோசியுங்கள். அந்த வழக்கில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்ந்தது, ஊர்க்காரர்கள் பட்டியல் பழங்குடி என்பதால். இதே கொடுமை பர்கூர் மலையாளிகளுக்கு நடந்தால் அந்தச் சட்டம் வராது. பொதுவான தண்டனைச் சட்டம் (2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா) மட்டும்தான். உரிமை எல்லாருக்கும் பொது என்கிறோம். அதன் பலம் எவ்வளவு என்பது பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதைப் பொறுத்து மாறுகிறது. நரிக்குறவர், குருவிக்காரர் பெயர் பட்டியலில் ஏறவே 2023 ஜனவரி ஆயிற்று.

13 ஜனவரி

"பட்டியல்தான் பிரச்சினை என்றால் பட்டியலையே தூக்கிவிடலாமே" என்கிறார் ஒருவர். தூக்கலாம். தூக்கினால் எண்ண முடியாது, எண்ண முடியாவிட்டால் முதல் நாள் எழுதிய இரண்டாவது கேள்வியைக் கேட்கவே முடியாது. அதைத்தானே சிலர் விரும்புகிறார்கள்.

2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7.95 லட்சம், மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. இடஒதுக்கீடு 1 விழுக்காடு. காகிதத்தில் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 200 பணியிடச் சுழற்சியில் அவர்களுக்கு 2. பத்து, இருபது இடம் மட்டும் நிரப்பும் அலுவலகத்தில் அந்த முறை வருவதற்குள் பையனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். எண்ணிக்கையாவது இருப்பதால்தான் இதைக்கூடச் சொல்ல முடிகிறது.

20 பிப்ரவரி

இன்றைக்கு ஐ.நா.வின் உலகச் சமூக நீதி நாள். தமிழ்நாடு அரசுக்கு அது செப்டம்பர் 17, பெரியார் பிறந்தநாள், 2021 முதல். டிசம்பர் 10 மனித உரிமை நாள். மூன்றுக்கும் காலண்டரில் தனித்தனி இடம் இருக்கிறது, தேர்வுக்கு எழுதுகிறவர்கள் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

நேற்று ஒருவர் தனிப்பட்ட முறையில் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன், மற்றவருக்கும் உதவும். பழங்குடிச் சான்று மறுக்கப்பட்டால் வாய்மொழிப் பதிலோடு திரும்பி வராதீர்கள். காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். ஆர்.ஐ., தாசில்தார் அறிக்கை நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பெரும்பாலும் அதில்தான் "உறுதி செய்ய இயலவில்லை" என்ற ஒற்றை வரி உட்கார்ந்திருக்கும். தாக்கூர் பழங்குடிகள் வழக்கின் 2023 தீர்ப்பு நகலை மனுவோடு இணையுங்கள். விசாரணையில் தரக்குறைவாக நடத்தினார்கள் என்றால் மாநில மனித உரிமை ஆணையத்துக்குத் தனி மனு, ஆனால் நடந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போய்ச் சேர வேண்டும், தாண்டினால் எடுக்க மாட்டார்கள். ஆணையம் சொல்வது வெறும் பரிந்துரை என்று யாராவது பயமுறுத்தினால், 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அது அரசைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லியிருப்பதைச் சொல்லுங்கள்.

இரண்டு மனுவையும் ஒன்றாகக் கலந்து எழுதிவிடாதீர்கள். சான்று கேட்பது தனி, நடத்தப்பட்ட விதம் பற்றிய புகார் தனி. கலந்தால் இந்த அலுவலகம் அங்கே போ என்னும், அந்த ஆணையம் இங்கே போ என்னும்.